பதினைந்து நிமிடம் என்று சொன்னேன்

அன்று அதிகாலை என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். "நகல் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது?" விடை என் முன்னால் திரையிலேயே இருந்தது. நகலில் கடைசியாகப் பதிவான நேரம் இரவு 11:14. மூல டிஸ்க் நின்றுபோன நேரம் 1:04. நடுவே 110 நிமிடம். நான் சொன்னது: "பதினைந்து நிமிடத்துக்குள்தான் இருக்கும்."

தெரியாமல் சொன்னதில்லை. தூக்கக் கலக்கத்தில் வாய் தவறி வந்ததும் இல்லை. எண்ணைப் பார்த்தேன், கூட்டிக் கழித்தேன், பிறகு வேறொன்றைச் சொன்னேன். அந்தப் பொய்யால் நான் எதையும் இழக்கவில்லை. இழந்தவர்கள் சில தோட்டங்களில் வெயிலில் நின்று வேலை செய்தவர்கள். அவமானப்பட்டவர் ஒரு வயதான கிராணி, தோட்டத்தில் கணக்கு எழுதுபவர். இதை எழுதுவதற்கு அவரிடம் அனுமதி கேட்டுவிட்டேன். பெயரையும் தோட்டத்தையும் போடாதே என்றார்.

என் வேலை கிளவுட்டில் இருக்கும் டிஸ்குகளைக் கவனித்துக்கொள்வது. நெகிரி செம்பிலானில் ரப்பர், செம்பனைத் தோட்டங்களுக்குச் செக்ரோல் என்கிற வேலைப் பதிவேடும் சம்பளக் கணக்கும் போட்டுக் கொடுக்கிற ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது கோலாலம்பூர் வாடகை அறையைக் காலி செய்துவிட்டுக் கோலா கிளாவாங்குக்குத் திரும்பினேன். ஆணை விலகிய பிறகும் இங்கேயே தங்கிவிட்டேன். சிரம்பானுக்குப் போக வேண்டுமென்றால் புக்கிட் தங்கா மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்க வேண்டும். மற்றபடி வீட்டு மேசைதான் அலுவலகம். நான் கவனிக்கிற டிஸ்கில் கிடக்கிற கணக்குகளில் பல, என் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்விடக்கூடிய தோட்டங்களின் கணக்குகள். எங்கோ இருப்பவர்களின் எண்கள் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

இந்த நகல் எடுக்கும் வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கிளவுட் டிஸ்க் என்பதும் ஏதோ ஒரு கட்டடத்தில் இருக்கிற டிஸ்க்தான். அந்தக் கட்டடத்தில் மின்சாரம் போனாலோ தண்ணீர் புகுந்தாலோ எல்லாம் நின்றுவிடும் என்பதால் வேறு ஊரில் இன்னொரு டிஸ்க் வைத்து, இங்கே எழுதுவதை அங்கேயும் எழுதுவார்கள். அதில் இரண்டு முறை உண்டு. முதல் முறையில், இரண்டு இடத்திலும் எழுதி முடித்த பிறகுதான் "பதிவாகிவிட்டது" என்ற பதில் வரும். எதுவும் தொலையாது, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் காத்திருக்க வேண்டும். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் நேர்க்கோட்டில் 300 கிலோமீட்டருக்கு மேல். போய்வர மட்டுமே குறைந்தது 3 மில்லி வினாடி. பக்கத்திலேயே இருக்கிற டிஸ்கில் ஒரு மில்லி வினாடிக்குள் முடிகிற எழுத்து அது. ஆயிரக்கணக்கான எழுத்துகள் வரிசை கட்டி நிற்கும் மாதக் கடைசியில் இந்தத் தாமதம் திரையில் தெரியும்.

இரண்டாவது முறையில் இங்கே எழுதியதுமே பதில் வந்துவிடும். மாறிய பகுதிகளைத் திரட்டிச் சுருக்கி, தொகுதி தொகுதியாக அடுத்த ஊருக்குப் பின்னால் அனுப்புவார்கள். வேகம் கிடைக்கும். ஆனால் நகல் எப்போதும் கொஞ்சம் பழையதாகவே இருக்கும். நாங்கள் எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது முறையை. மூலம் மலேசியாவில், நகல் சிங்கப்பூரில்.

அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கூகிள் இதைக் கடைசி நகலுக்குப் பிறகு கடந்த நேரம் என்று காட்டும். மைக்ரோசாஃப்ட் ஆர்.பி.ஓ. என்று காட்டும். அமேசானில் லேக் என்று இருக்கும். பெயர் எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: இந்த நொடி மூல டிஸ்க் செத்தால் எத்தனை நிமிடத்து வேலை போகும்? அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னோர் எண், எத்தனை பைட் எழுதப்படுகிறது, எத்தனை பைட் போய்ச் சேருகிறது என்பது. நிமிடத்துக்கு 500 எம்.பி. எழுதப்பட்டு 300 எம்.பி.தான் போகிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 200 எம்.பி. தேங்கும். ஒரு மணி நேரத்தில் 12 ஜி.பி. ஆகிவிடும். அதற்குமேல் ஒரு எழுத்துகூட எழுதாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும் அந்தத் தேக்கம் தீர 40 நிமிடம் ஆகும்.

நகல் ஒழுங்காக நடக்கும்போது அந்த நேரக் கோடு ரம்பப் பல் மாதிரி இருக்கும்: சில வினாடி ஏறும், தொகுதி போய்ச் சேர்ந்ததும் சட்டென்று இறங்கும், மறுபடி ஏறும். தேங்கத் தொடங்கினால் பல்லெல்லாம் மறைந்து ஒரே சரிவாக மேலே போகும். ஒரு முறை பார்த்தவருக்கு அது மறக்காது. எங்கள் டிஸ்கில் ஒவ்வோர் இரவும் அந்தச் சரிவு வந்தது. நான் ஒவ்வோர் இரவும் பார்த்தேன்.

எங்கள் நிறுவனம் இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டதற்குக் காரணம் சிங்கப்பூரில் நடந்தது. 2023 அக்டோபர் 14 அன்று அங்கே ஒரு தரவு மையத்தில் குளிரூட்டும் அமைப்பு பழுதாகி, டிபிஎஸ், சிட்டி வங்கிகளின் சேவை பல மணி நேரம் முடங்கியது. சுமார் 25 லட்சம் பணப்பரிமாற்றங்களும் ஏ.டி.எம். எடுப்புகளும் நடக்காமல் போயின. இரண்டு வங்கிகளுக்கும் மாற்று மையம் இருந்தது. உடனே அதற்கு மாறவும் முயன்றார்கள். ஒன்றில் நெட்வொர்க் அமைப்பில் பிழை, மற்றொன்றில் இணைப்புக் கோளாறு, மாற முடியவில்லை. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு எங்கள் மேலாளர், "நமக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டார். நான்தான் திட்டம் போட்டேன். நகல் 15 நிமிடத்துக்கு மேல் பின்தங்காது என்று எழுதியதும் நான்தான். அந்த எண் பிறகு வாடிக்கையாளர் ஒப்பந்தங்களிலும் ஏறியது.

கணக்கை நன்றாகத்தான் போட்டேன், பகல் நேரத்து எழுத்தை வைத்து. தரவுத்தளத்தின் இரண்டு டிஸ்குகளையும் ஒரே குழுவில் சேர்த்து, இரண்டின் நகலும் ஒரே நேரத்தைக் காட்டும்படி செய்தேன். பலர் தவற விடுகிற இடம் அது. அதில் எனக்குப் பெருமை இருந்தது. தவற விட்டது எது என்றால், இரவு 11 மணிக்கு ஓடுவதற்கு நானே எழுதி வைத்திருந்த ஒரு ஸ்கிரிப்ட். முழுத் தரவுத்தளத்தையும் ஒரு கோப்பாகக் கொட்டி எடுத்து வைக்கும் பேக்கப் வேலை அது. அந்தக் கோப்பு அதே டிஸ்கிலேயே விழுந்தது. நகல் எடுப்பவனுக்குச் செக்ரோல் வரி எது, பேக்கப் கோப்பு எது என்று தெரியாது. மாறிய பகுதி எல்லாமே அனுப்ப வேண்டிய பகுதிதான். ஆகவே தினமும் இரவில் பல ஜி.பி. கோப்பு முன்னால் போய் வழியை அடைத்துக்கொள்ள, அன்றைய உண்மையான கணக்கு அதன் பின்னால் காத்து நின்றது.

முதல் வாரத்திலேயே அலர்ட் அடித்தது. காரணத்தையும் அப்போதே கண்டுபிடித்துவிட்டேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் சுடுகிறது. தீர்வு பெரிய வித்தை ஒன்றுமில்லை: நகல் எடுக்கப்படாத தனி டிஸ்க் ஒன்றை வாங்கி, பேக்கப்பை அங்கே விழச் செய்ய வேண்டும். மாதம் கொஞ்சம் பணம், ஒரு இரவு வேலை. ஆனால் பணம் கேட்டுக் கடிதம் எழுதினால் ஏன் என்று எழுத வேண்டும். ஏன் என்று எழுதினால், 15 நிமிடம் என்ற என் கணக்கு முதல் நாளிலிருந்தே தவறு என்று தெரிந்துவிடும். திட்டத்துக்காக என்னைப் பாராட்டி முடித்திருந்த நேரம் அது. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அலர்ட் வரம்பை 15 நிமிடத்திலிருந்து 30 ஆக்கினேன். அப்போதும் அடித்தது. 60 ஆக்கினேன். சில நாள் அதையும் தாண்டி 80 நிமிடம் வரை போய்த் திரும்பியது. கடைசியில் இரவு 11 மணி முதல் 3 மணி வரை அலர்ட்டே வராமல் அடக்கிவிட்டேன். "திட்டமிட்ட இரவுப் பணி" என்று அதற்கு ஒரு பெயரும் கொடுத்தேன். பெயர் வைத்துவிட்டால் மனசு அடங்கிவிடுகிறது.

மாத அறிக்கையில் என்ன எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளில் 21 மணி நேரம் நகல் அரை நிமிடம்தான் பின்தங்கியிருக்கும். மீதி 3 மணி நேரத்தில் 80 வரை ஏறி இறங்கும். அந்த நேரத்துச் சராசரி 40 என்று கொள்ளலாம். முழு நாளுக்கும் சராசரி போட்டால் ஐந்தரை நிமிடத்துக்கும் குறைவு. அறிக்கையில் "சராசரிப் பின்தங்கல் 5.4 நிமிடம், வரம்பு 15 நிமிடம், நிலை: சீர்" என்று எழுதிப் பச்சை நிறம் அடித்தேன். எண்ணில் பிழையே இல்லை, யார் சரிபார்த்தாலும் அதுதான் வரும். விபத்து எந்த நிமிடத்திலும் வரலாம் என்கிறபோது சராசரி யாருக்கும் எதையும் சொல்லாது என்பதும், உச்சத்தைத்தான் எழுத வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். புதிதாக வேலைக்கு வந்த ஒரு பையனுக்கு அதை நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் துறையில் கிட்லேப் நிறுவனத்தின் கதை எல்லோருக்கும் தெரியும். 2017 ஜனவரி 31 அன்று அவர்களுடைய தரவுத்தள நகல் சுமையால் பின்தங்கிப்போனது. அதைச் சரிசெய்யப் போன பொறியாளர் ஒருவர், நகல் இருந்த சர்வர் என்று நினைத்து மூல சர்வரின் தரவையே அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால் அதுவும் இல்லை. மென்பொருளின் பதிப்பு பொருந்தாமல் பேக்கப் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றது என்று சொல்லவேண்டிய மின்னஞ்சல்களை எதிர்முனை சர்வர் ஏற்காமல் தள்ளிவிட்டிருந்தது. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு பிரதி இருந்ததால் பிழைத்தார்கள். அந்த ஆறு மணி நேரத்து வேலை போனது போனதுதான். நான் நினைத்துப் பார்ப்பது அவர்கள் அடுத்துச் செய்ததை: நடந்ததை நடக்கும்போதே உலகத்துக்குத் திறந்து வைத்தார்கள். மீட்கும் வேலையை நேரலையில் காட்டினார்கள். எங்கே எது தோற்றது என்று ஒவ்வொன்றாக எழுதி வெளியிட்டார்கள். அவர்களுக்கு எச்சரிக்கை வந்து சேரவில்லை. எனக்கு வந்தது, நான் வாயைப் பொத்தினேன்.

என் அம்மா பால்மரம் வெட்டியவர். காண்டா வாளி சுமந்து ஸ்டோருக்குப் போனால் கிராணி பாலை நிறுத்து, மெட்ரோலாக் என்கிற அளவுக்கருவியை விட்டுப் பார்த்து, எண்ணைச் சத்தமாகச் சொல்லித் தன் புத்தகத்தில் எழுதுவார். அம்மா தன் சின்ன நோட்டில் அதையே எழுதிக்கொள்வார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். எண் மட்டும் எழுதுவார். மாதக் கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் சம்பளத்தில் கைநாட்டு வைத்ததில்லை. ஒரு நாள் எண் ஒத்துவரவில்லை என்றால் மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்பே போய் நிற்பார். அந்த வீட்டில் வளர்ந்தவன், இரண்டு இடத்திலும் எழுதியிருக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, ஒப்பிடுகிற வேலையை விட்டுவிட்டேன்.

அந்த இரவுக்கு வருகிறேன். மாதத்தின் கடைசி நாள், செக்ரோல் மூடும் இரவு. 11 மணிக்கு வேலையெல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்துத்தான் ஸ்கிரிப்டுக்கு அந்த நேரத்தை வைத்திருந்தேன். தோட்டங்களைச் சுற்றி வளர்ந்தவன் அப்படி நினைத்திருக்கக் கூடாது. மலை ஓரத்து நிரைகளில் லைன் கிடைக்காது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர்கள் போனில் பதிந்துவைத்த குலை எண்ணிக்கையும் பால் கணக்கும் அவர்கள் வீடு திரும்பிய பிறகுதான் மேலே ஏறும். மாதக் கடைசியில் கிராணிமார் கூடுதல் நேரம், முன்பணம், மழை நாள் கணக்கு எல்லாவற்றையும் நேர்செய்து முடிக்கவே நள்ளிரவு ஆகிவிடும். எழுத்து மிக அதிகமாக இருப்பதும் அப்போதுதான். நகல் மிகவும் பின்தங்கியிருப்பதும் அப்போதுதான். தொலைந்தால் மிகவும் வலிக்கிற கணக்கும் அப்போதைய கணக்குதான். மூன்றும் ஒரே இரவில் வந்து நிற்கும்.

மூல டிஸ்க் இருந்த மையத்தில் 1:04க்கு மின்சாரம் போனது. எந்த நிறுவனத்தின் கிளவுட் என்று எழுதவில்லை; மின்சாரம் எங்கும் போகும், குற்றம் அதில் இல்லை. திரும்பி வர எவ்வளவு நேரமாகும் என்று அவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, மதியம் வரை ஆகலாம் என்றார்கள். அதிகாலை நாலரை மணிக்குத் தொலைபேசிக் கூட்டம். காத்திருப்பதா, சிங்கப்பூர் நகலைத் திறந்து வேலையைத் தொடர்வதா? அதை முடிவு செய்யத்தான் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டார்கள். நான் 110 என்று சொல்லியிருந்தால் காத்திருந்திருப்பார்கள். வேலைச் சட்டப்படி சம்பளம் கொடுக்க அடுத்த மாதம் 7ஆம் தேதி வரை நேரம் இருக்கிறது. அரை நாள் பொறுப்பதில் ஒன்றும் குடிமுழுகிப்போகாது. "பதினைந்து நிமிடம்தானே, திற" என்றார் மேலாளர். திறந்தேன்.

தொலைந்த கணக்கைத் தோட்டத்துப் போன்களிலிருந்து மறுபடி ஏற்றியிருக்கலாமே என்று கேட்கலாம். முடியாது. பதிவு மேலே ஏறியதும் போனில் பச்சை டிக் வரும். டிக் வந்த பதிவைப் போன் தன்னிடமிருந்து அழித்துவிடும். அந்த டிக்கைக் கொடுத்தது மூல டிஸ்க் மட்டும். நகல் போய்ச் சேரும்வரை அந்த எண் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்பது அந்த டிக்கைப் பார்த்தவர் யாருக்கும் தெரியாது.

மதியம் மின்சாரம் வந்தது. மூல டிஸ்க் சேதமில்லாமல் எழுந்தது. விடுபட்ட கணக்கு அத்தனையும் அதில் இருந்தது. எடுத்துச் சேர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அப்போதுதான் சிக்கலின் ஆழம் தெரிந்தது. நகலைத் திறந்த கணத்திலிருந்து அதுவும் தன் போக்கில் புதுப் பதிவுகளுக்கு வரிசை எண் கொடுக்கத் தொடங்கிவிட்டது. மூலத்தில் ஒரு தொழிலாளியின் கூடுதல் நேரத்துக்குக் கொடுத்த எண்ணை, நகலில் வேறு தோட்டத்தில் வேறு யாரோ ஒருவரின் முன்பணத்துக்குக் கொடுத்திருந்தது. 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப் நிறுவனத்தில் நடந்ததும் இதே வகைதான். வெறும் 43 வினாடி இணைப்பு துண்டானதில் அமெரிக்காவின் இரு கரைகளிலும் இருந்த தரவுத்தளங்கள் ஒன்றிடம் இல்லாத எழுத்துகளை மற்றொன்று வைத்துக்கொண்டன. சேவை முழுதாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. அவர்கள் தரவைக் காப்பாற்றுவதற்காகச் சேவை தாமதமாகட்டும் என்று முடிவெடுத்தார்கள். எனக்கும் அதே வழி திறந்திருந்தது: ஒவ்வொரு வரியாகக் கையால் சேர்க்க வேண்டும், அதற்கு ஆள் கேட்க வேண்டும், ஆள் கேட்டால் 110 நிமிடத்தைச் சொல்ல வேண்டும். நான் பழைய டிஸ்கை ஒரு பிரதி எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். சம்பளம் அந்த வரிகள் இல்லாமலே ஓடியது.

குறைந்த தொகை பெரிய தொகையாக இருக்கவில்லை என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருவருக்கு இரண்டு நாள் கூடுதல் நேரம். ஒருவருக்குக் கடைசி நாள் குலை. மாதச் சம்பளக்காரனான எனக்குத்தான் அது சின்னத் தொகை.

பிறகு அந்தக் கிராணி கூப்பிட்டார். நான் சின்னப் பையனாக இருந்தபோதே கிராணியாக இருந்தவர். கம்ப்யூட்டர் வந்தபோது, வயதானவர் தாக்குப்பிடிக்க மாட்டார் என்று நினைத்தவர்கள் வாயடைத்துப் போகும்படி கற்றுக்கொண்டவர். "தம்பி, கணக்கு இடிக்குது. நான் எதையாவது தப்பா அமுக்கிட்டேனா?" என்றார். "லைன் பிரச்சினையா இருக்கும் ஐயா, பார்க்கிறேன்" என்றேன். இது இரண்டாவது பொய்.

தொழிலாளிகள் தோட்ட அலுவலகத்தில் போய் நின்றார்கள். அலுவலகம் எங்கள் நிறுவனத்தைக் கேட்டது. எங்கள் பக்கத்திலிருந்து "எங்கள் பதிவில் அப்படி எதுவும் வரவில்லை, நகல் 15 நிமிடத்துக்குள் இருந்தது" என்று பதில் போனது. அப்படியானால் கிராணி கணக்கை ஏற்றவே இல்லை என்றுதானே அர்த்தம்? அவருக்குக் காரணம் கேட்டுக் கடிதம் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்தார். மலாயில் பதில் எழுத வேண்டும், நீ எழுதினால் ஒழுங்காக இருக்கும் என்றார். அம்மா அவருக்கு நாற்காலி போட்டு, தேத்தண்ணி கலக்கினார்.

எழுதினேன். "பதிவேற்றும்போது என் கவனக்குறைவால் தவறு நேர்ந்திருக்கலாம், இனி நேராமல் பார்த்துக்கொள்கிறேன், மன்னிக்க வேண்டும்." அவர் வாயால் சொல்லாததையும் சேர்த்து நான் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். என் வாழ்க்கையில் நான் செய்தவற்றில் இதைவிடக் கீழானது எதுவும் இல்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் ஒரு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதையும் ஒரு தரம் பாரேன், எங்கே விட்டேன்னு தெரியலை." கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. ஒவ்வொரு வரியிலும் தொழிலாளியின் எண், வேலை, அளவு. ஓரத்தில் பென்சிலில் ஒரு நேரம்: 11:21, 11:26, 11:40, 12:08. இந்த நேரம் என்ன ஐயா என்றேன். "டிக் வந்த நேரம். போன்ல அப்புறம் இருக்காதே, அதான் குறிச்சுக்குவேன்." மாதாமாதம் அப்படிச் செய்து வந்திருக்கிறார், யாரும் சொல்லாமலே. நகலுக்கும் மூலத்துக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று பதிவு வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான். எனக்கு அதற்காக டாஷ்போர்டும் சம்பளமும் கொடுத்திருந்தார்கள்.

அன்று இரவு, ஓரமாக வைத்திருந்த பிரதியைத் திறந்து அவருடைய நோட்டோடு வரிவரியாக ஒப்பிட்டேன். ஒரு வரியும் விடுபடவில்லை. நேரங்கள் நிமிடம் பிசகாமல் பொருந்தின. மறுநாள் காலை மேலாளரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்: அடக்கிய அலர்ட், சராசரி அறிக்கை, அதிகாலையில் சொன்ன எண், எழுதிக் கொடுத்த கடிதம். ரொம்ப நேரம் அவர் எதுவும் பேசவில்லை. பிறகு கேட்டது, "ஒப்பந்தத்தில் அந்த எண்ணை வைத்தோமே, அப்போதே தெரியுமா?" என்றுதான். இல்லை, அதற்கடுத்த வாரம் தெரியும் என்றேன்.

நடந்ததைத் தோட்டத்துக்கு நிறுவனம் எழுதிக் கொடுத்தது. கிராணிக்குக் கொடுத்த கடிதம் திரும்பப் பெறப்பட்டது. என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. அறிக்கை எழுதும் பொறுப்பை மட்டும் வேறொருவரிடம் கொடுத்தார்கள். அது சரியான முடிவு. பேக்கப் இப்போது தனி டிஸ்கில் விழுகிறது. அதற்கான செலவைப் பார்த்தபோது, இவ்வளவுக்காகவா என்று எனக்கே குமட்டியது. அலர்ட் உச்ச எண்ணைப் பார்த்து அடிக்கிறது. எண்ணே வராமல் போனாலும் அடிக்கிறது. நகல் முழுதாக நின்றுவிட்டால் எண் வராது, எண் வராவிட்டால் பழைய விதிப்படி எல்லாம் சீர் என்றே ஆகிவிடும். அலர்ட்டை அடக்க வேண்டுமென்றால் இருவர் ஒப்ப வேண்டும். நகல் போய்ச் சேர்ந்தது உறுதியாகும்வரை போன் தன் பதிவை அழிப்பதில்லை. அந்த யோசனையைச் சொன்னவர் கிராணி. "டிக் வந்தா ரெண்டு இடத்திலும் இருக்குன்னுதானே நாங்க நினைச்சோம்?" என்று கேட்டார், அதற்குப் பிறகுதான் எங்களுக்கு அது உறைத்தது.

அவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். "கடிதம் எழுதும்போதே தெரியுமா தம்பி?" என்றார். தெரியும் ஐயா என்றேன். கோபப்படவில்லை என்று எழுதினால் இன்னொரு பொய் ஆகிவிடும். அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு வருவதில்லை. வேலை விஷயம் என்றால் மட்டும் பேசுவார்.

குறைந்த சம்பளத்தை அடுத்த மாதத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். சேமநிதி வாரியத்துக்குப் போக வேண்டிய பங்கும் போய்விட்டது. லொம்போக்கிலிருந்து வந்து குலை வெட்டிய இருவருக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. ஒப்பந்தம் முடிந்து, அந்தக் குறைந்த சம்பளத்தையே வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார்கள். இங்கே இருந்த வங்கிக் கணக்கு மூடியாகிவிட்டது. அழைத்து வந்த ஏஜெண்டுக்கு எழுதியிருக்கிறோம், தோட்டமும் எழுதியிருக்கிறது. ஒருவருடைய ஊர்ப் பெயர் கிடைத்திருக்கிறது, மற்றவருடையது இன்னும் கிடைக்கவில்லை. அவர்களுக்குச் சேர வேண்டிய தொகை கணக்கில் கொடுபடாத பாக்கியாக நிற்கிறது. செக்ரோல் மூடும் ஒவ்வொரு மாதமும் நான் அந்த ஏஜெண்டைக் கூப்பிடுகிறேன்.